போக இடமில்லாத ராஜா

மகனே,

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குப் பதினாறு வயது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு வாப்பாவாக வரப்போகிறவர் யார் என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றி இப்போது யோசிக்க விருப்பமும் இல்லை. ஆனாலும் உனக்கு இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும். நீ வளர்ந்து, படிக்கவோ உழைக்கவோ பையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் புறப்படும் நாளில் இதை உன் கையில் தருவேன். நீ மகளாகப் பிறந்தால், மகனே என்று எழுதிய இடத்திலெல்லாம் மகளே என்று வைத்து வாசித்துக்கொள். வேறு ஒரு சொல்லையும் மாற்றத் தேவையில்லை.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பாய். பெரியவர்கள் தங்கள் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் காலம் வரும்போது அந்தக் கதை பழையபடி இருப்பதில்லை. இதை நான் எங்கள் வீட்டிலேயே கவனித்திருக்கிறேன். என் வாப்பா, அதாவது உன் மூத்தவாப்பா, இளவயதில் சாய்ந்தமருது அணிக்கு உதைபந்தாட்டம் ஆடியவர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் சொன்ன கதையில், பந்து அவருடைய முழங்காலில் பட்டு அவருக்கே தெரியாமல் வலைக்குள் போனது. சில வருடங்களுக்குப் பிறகு அவர் இடப்பக்கம் இடைவெளி இருப்பதைக் கண்டு அடித்தார். இந்த நோன்புப் பெருநாளைக்கு மாமாமாருக்குச் சொன்னபோது கடற்காற்று எந்தப் பக்கம் வீசியது என்பதையும் கணக்கில் எடுத்து அடித்தார். உம்மா அடுப்படியிலிருந்து, "இப்ப காத்தும் வந்திட்டா? போன பெருநாளைக்குக் காத்து இரிக்கல்லயே" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், வாப்பாவும்தான். என் வாப்பா பொய் சொல்பவர் அல்ல. கல்முனை பஸாரில் சைக்கிள் பாகங்கள் விற்கும் கடை வைத்திருக்கிறார். ஒரு தடவை பழைய செயின் ஒன்றைப் புதியதென்று தவறிக் கொடுத்துவிட்டு, வாங்கியவரின் வீட்டைத் தேடி நற்பிட்டிமுனை வரைக்கும் சைக்கிள் மிதித்துப் போய் மாற்றிக் கொடுத்தவர். அப்படிப்பட்டவருடைய வாயிலேயே கதை தானாக மெல்ல மெல்ல இடம் மாறுகிறது என்றால், என் வாயில் எப்படி இருக்கும்? அது இன்று காலையிலேயே தொடங்கிவிட்டதைக் கண்டு திடுக்கிட்டுப்போய்த்தான் பேனாவை எடுத்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

போன சனிக்கிழமை கல்முனையில் ஒரு பாடசாலை மண்டபத்தில் பெண் பிள்ளைகளுக்கான சதுரங்கப் போட்டி நடந்தது. முதலாவதாக வருகிற ஒருவர் மட்டும் மாகாணப் போட்டிக்குத் திருகோணமலைக்குப் போகலாம். கடைசிச் சுற்றில் எனக்கு எதிரே உட்கார வேண்டியவள் தர்ஷினி. எங்கள் முஸ்லிம் ஊருக்குப் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்புப் பிள்ளை, என் வயதுதான். அவளுடைய அப்பா கரைவலை இழுக்கிறவர். அவளுக்கு என்னைவிட அரைப் புள்ளி கூட. நான் வென்றால் நான் முதலாவது. ஆட்டம் சமமாக முடிந்தாலும் அவள்தான் முதலாவது. இதை மறக்காதே, நடந்ததெல்லாம் இந்த அரைப் புள்ளிக்குள்தான் நடந்தது.

அந்தச் சுற்றுக்கு முதல் மத்தியான ளுஹர் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் இடைவேளை விட்டார்கள். மண்டபத்துக்கு வெளியே வேப்ப மரத்தடியில் தர்ஷினி தனியாக இருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுடைய பெட்டியில் கணவாய்க் கறி, என்னுடையதில் முட்டைப் பொரியல். பாதிப் பாதி மாற்றிக்கொண்டோம். சாப்பிட்டு முடிந்தும் நேரம் இருந்தது. அவள் ஒரு குச்சியால் மணலில் கோடு கிழித்தாள். முக்கோணமும் குறுக்குக் கோடுகளும். பார்த்தவுடனே எனக்குத் தெரிந்தது: நாயும் புலியும்! எங்கள் பக்கத்தில் செஸ் பழகுமுன் எல்லாப் பிள்ளைகளும் பழகுகிற ஆட்டம் அது. ஒருவருக்கு நிறைய நாய்கள், மற்றவருக்குப் புலி. நாய்கள் நாலு பக்கமும் சூழ்ந்து, புலி நகர இடமில்லாமல் அடைத்துவிட்டால் புலி தோற்றது. புலியைக் கொல்லத் தேவையில்லை, அடைத்தால் போதும். நான் புலிக்கு ஒரு கருங்கல்லை வைத்தேன். அவள் வேப்பங்கொட்டைகளை நாயாக வைத்து என்னை ஒரு மூலைக்குள் தள்ளினாள்.

"போறதுக்கு இடமில்ல," என்று கைகொட்டிச் சிரித்தாள். "கட்டிட்டன். தோத்துட்டாய் புள்ள!"

"உள்ளுக்குப் போய்ப் பாப்பம்," என்றேன் நான்.

"வா வா. அங்கயும் கட்டுறன்."

பிறகு உள்ளே போய்ப் பலகைக்கு இருபக்கமும் உட்கார்ந்தோம். அந்த ஆட்டத்தை நகர்வு நகர்வாக உனக்குச் சொல்ல ஆசைதான், ஆனால் நீ செஸ் ஆடுவாயோ தெரியாது. சுருக்கமாகச் சொல்கிறேன். நடுவில் அவள் ஒரு குதிரையைக் கவனிக்காமல் விட்டாள். அதற்குப் பிறகு காய்கள் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டுப் போக, கடைசியில் பலகையில் மிச்சம் இருந்தவை கொஞ்சம்தான். என்னிடம் ராஜா, ராணி, ஒரு சிப்பாய். அவளிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும். இரண்டு சிப்பாய்களும் ஒன்றுக்கொன்று முகத்துக்கு முகம் முட்டிக்கொண்டு நின்றன. இரண்டாலும் அசைய முடியாது. அவளுடைய ராஜா பலகையின் மூலைக்குப் போயிருந்தது. நான் வெல்லப் போகிறேன் என்பது எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது. அவளுடைய மூக்கு நுனி சிவந்திருந்தது.

அந்த நேரம் பள்ளிவாசலில் பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். நான் பழக்கத்தில் முக்காட்டை இழுத்துச் சரிசெய்தேன். மற்றப் பலகைகளெல்லாம் முடிந்திருந்தன. நடுவராக இருந்த ஆசிரியர், எங்கள் சேர், பலகையை எட்டிப் பார்த்தார். "நீங்க விளையாடுங்க புள்ளயள், நான் தொழுதிட்டு ஓடி வாறன்," என்று சொல்லிவிட்டுப் போனார். வேடிக்கை பார்த்தவர்களும் போனார்கள். மண்டபத்தில் நாங்கள் இருவரும், சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறிகளும்தான். நான் ராணியை எடுத்து அவளுடைய ராஜாவுக்குக் கிட்டக் கொண்டுபோய், ஒரு குதிரை பாயும் தூரத்தில் வைத்தேன். தர்ஷினி வெகுநேரம் பார்த்தாள். ராஜாவைச் சுற்றியிருந்த கட்டங்களுக்கு மேலே காற்றில் விரலை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"போறதுக்கு இடமில்ல," என்றாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "கட்டிட்டாய்."

ராஜாவை மெதுவாகப் படுக்க வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். நான் கைகொடுத்தேன். சேர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "ஆரு வெண்ட?" என்று கேட்டார். "நான் சேர்," என்றேன். தர்ஷினி தலையாட்டினாள். இருவரும் கையெழுத்து வைத்தோம். அவள் பஸ்ஸுக்கு என்று சொல்லி ஓடினாள். பரிசு கொடுக்கும்வரை நிற்கவில்லை.

வீட்டில் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரு பிள்ளை எதிலாவது முதலாவதாக வந்தால் வாழ்த்துப் பதாகை, அதாவது பெனர், அடிக்க யாருக்கும் நேரம் எடுப்பதில்லை. பொழுது சாய்கிற மஃரிப் தொழுகைக்கு முதலே விளையாட்டுக் கழகப் பெடியன்மார் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை முனையில் கட்டிவிட்டார்கள். பெண் பிள்ளையின் படத்தைப் போடக்கூடாது என்று என் முகம் வரவேண்டிய இடத்தில் பெரிய ரோசாப்பூ ஒன்றைப் போட்டிருந்தார்கள். வாப்பா அதன் கீழே நின்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். "பாருங்க, என்ட மகள்!" என்றார். வாப்பாவை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மாமி, "என்ன காக்கா, உங்கட மகள் பூவா?" என்று கேட்க, "பூ கொஞ்சம் கறுப்பு, மகள்தான் வடிவு," என்றார். உம்மா தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து இனிப்பான வட்டிலாப்பம் செய்து அண்டை வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினார்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆடிய ஆட்டத்தை அன்றைக்கே பலகையில் திரும்ப ஆடிப் பார்ப்பேன். தோற்ற ஆட்டத்தைவிட வென்ற ஆட்டத்தைத்தான் கவனமாகப் பார்ப்பேன். தோற்ற ஆட்டம் தன் பிழையைத் தானே காட்டிவிடும். வென்ற ஆட்டம் காட்டாது, சிரித்துக்கொண்டே இருக்கும். என் பக்கத்திலிருந்து ஒரு தடவை பார்த்த பிறகு பலகையைத் திருப்பி வைத்து, எதிராளியின் இடத்தில் உட்கார்ந்து இன்னொரு தடவை பார்ப்பேன். மஃரிப் தொழுதுவிட்டு வந்து அறையில் பாயை விரித்து அப்படித்தான் உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு ஆராயும் எண்ணம் எனக்கு இல்லை. என் வெற்றியை இன்னொரு தடவை ருசித்துப் பார்க்கும் எண்ணம்தான் இருந்தது. என் பக்கத்திலிருந்து பார்த்தேன். எல்லாம் அழகாக இருந்தது. பிறகு பலகையைத் திருப்பினேன். இப்போது நான்தான் தர்ஷினி. மூலையில் நிற்பது என் ராஜா. சரி, கைகொடுக்காமல் இருந்திருந்தால் இவள் இன்னும் எத்தனை நகர்வு தாக்குப்பிடித்திருப்பாள் என்று பார்ப்போமே என்று நினைத்து, அவளுடைய அடுத்த நகர்வைத் தேடினேன்.

ராஜாவுக்குப் பக்கத்துக் கட்டம், ராணி பார்க்கிறது. முன்னால் இருக்கும் கட்டம், ராணி பார்க்கிறது. குறுக்கே உள்ள கட்டம், அதையும் ராணி பார்க்கிறது. சிப்பாய் அசையாது. அவளும் அந்த மண்டபத்தில் இப்படித்தான் விரலை வைத்துப் பார்த்தாள். சரி, இடமில்லை, தோல்விதான் என்று நான் பலகையை மூடப்போன நேரம், ராஜா நிற்கும் கட்டத்தை யார் பார்க்கிறார்கள் என்று ஒரு கேள்வி வந்தது. ராணியிலிருந்து கோடு இழுத்தேன். நேராக இல்லை. குறுக்காக இல்லை. இன்னொரு தடவை இழுத்தேன். என் ராணி அந்த ராஜாவைத் தாக்கவே இல்லை மகனே! நான் அங்கே "செக்" சொல்லவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

உனக்கு விதி தெரியாவிட்டால் சொல்கிறேன். செஸ்ஸில் ராஜா தாக்கப்பட்டு, தப்ப வழியும் இல்லாமல் இருந்தால்தான் தோல்வி. தாக்கப்படாமல், நகர மட்டும் இடமில்லாமல் போனால் அது தோல்வி அல்ல, சமம். ஆட்டம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். நான் ராணியை வைத்து விரலை எடுத்த நொடியிலேயே எங்கள் ஆட்டம் சமமாக முடிந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு அவள் கைகொடுத்ததும் நான் வாங்கியதும் முடிந்த ஆட்டத்துக்குப் பிறகு நடந்தவை. இந்த விதி எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் மத்தியானம் மணலில் புலியைக் கட்டிய அதே கண்ணால் அஸர் நேரத்தில் ராஜாவைப் பார்த்தோம். இருவரும் ஒரே ஆட்டத்தில் வளர்ந்தவர்கள், அதனால் இருவரும் ஒன்றாகவே பிழைவிட்டோம்.

வெளியே வாப்பா யாருக்கோ பெனரைப் பற்றிச் சொல்லும் சத்தம் கேட்டது. காய்களைத் தொடப் பயமாக இருந்தது, தொட்டால் இன்னும் ஏதாவது வெளியே வந்துவிடும்போல. உம்மா கதவைத் தள்ளி, "மகள், வட்டிலாப்பம் தின்ன வா, ஆறிப்போகும்," என்றார். நான் எழும்பிப் போய்த் தின்றேன். நன்றாகவே இருந்தது. இந்த வரியை உனக்காக வேண்டுமென்றே எழுதுகிறேன்.

தின்று முடித்த பிறகுதான் வாப்பாவிடம் சொன்னேன். பலகையைக் கொண்டுவந்து காட்டினேன். அவர் செஸ் ஆடமாட்டார், ஆனால் கவனமாகக் கேட்டார்.

"அந்தப் புள்ளதானே கை தந்த?"

"ஓம் வாப்பா."

"நீ கள்ள ஆட்டம் ஆடினயா?"

"இல்ல."

"ராணிய வேற இடத்துல வெச்சிருந்தா?"

"வெண்டிருப்பன். நாலஞ்சு நகர்வுல முடிஞ்சிரிக்கும்."

"அப்ப அது வெண்ட ஆட்டம்தானே. என்ன வழக்கு இதுல?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒழுங்கை முனையில பெனர் தொங்குது. அது பாண்டிருப்புப் புள்ள வேற. இதத் தூக்கிக்கிட்டுப் போனா ரெண்டு பக்கமும் கதை வரும். சும்மா இரி மகள்."

பலகையைக் கண்டபோது வந்த அதிர்ச்சியைவிட இது பெரிதாக இருந்தது. ஒரு சைக்கிள் செயினுக்காக நற்பிட்டிமுனை வரைக்கும் போனவரா இதைச் சொல்கிறார் என்று அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. ஆனால் மகனே, அதைவிடவும் பெரியதொன்று இருக்கிறது. அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கக் கணக்குச் செய்துகொண்டே, வென்ற ஆட்டம்தானே, வென்ற ஆட்டம்தானே என்று எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். இனிப்பாக இருந்தது. ஒரு கணக்கை அழித்து எழுதும்போதுதான் யோசித்தேன்: சரியான வழி எனக்குத் தெரியும், கைதான் பிழையாக எழுதிவிட்டது என்று பரீட்சையில் சொன்னால் புள்ளி தருவார்களா? நான் வைத்திருக்கக்கூடிய நகர்வை அல்ல, வைத்த நகர்வைத்தான் ஆராய வேண்டும். நீயும் உன் வாழ்க்கையில் இப்படித்தான் செய்யவேண்டும் என்று சொல்ல வந்தேன், ஆனால் அதைச் சொல்லும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. வரும்போது நீயே தெரிந்து வைத்திருப்பாய்.

உம்மாவிடம் போனேன். உம்மா வாசலில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பலகையை முன்னால் வைத்தேன். அவர் சுளகைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

"புலி மாட்டிட்டே," என்றார்.

"உம்மா, இது புலியில்ல, ராஜா. ராணி அதத் தாக்கல்ல. வழிய மட்டும் மறிச்சிரிக்கி. அப்பிடியெண்டா சமம்."

"அடிக்காம வழிய மட்டும் மறிச்சா வெல்லேலாதா?"

"ஏலா."

"நல்ல சட்டம்தானே," என்றார். சுளகில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார். "அந்தப் புள்ளைக்கு இது தெரியுமா?"

"தெரியா."

"அப்ப உனக்கு மட்டும்தான் தெரியும்."

"ஓம்."

உம்மா அரிசியை மூடி வைத்துவிட்டு அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்தார். வாப்பா கூடத்தில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். "நாங்க பாண்டிருப்புக்குப் போய்ட்டு வாறம்," என்றார் உம்மா. வாப்பா பத்திரிகையை இறக்கவில்லை. ஆனால் நாங்கள் வாசலைத் தாண்டும்போது, "ஆட்டோவுல போங்க, வெயில்," என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

தர்ஷினியின் வீடு கடலுக்குக் கிட்ட இருந்தது. அவள் முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் இறுகியது. அவளுடைய அம்மா ஓடிவந்து உம்மாவைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார். நான் பையிலிருந்து பலகையை எடுத்தேன்.

"என்ன, இன்னொருக்கா வெல்லவா வந்த?" என்றாள் தர்ஷினி.

"இல்ல. கடைசி நகர்வ ஒருக்காப் பாரு," என்றேன். காய்களை அடுக்கி, அவளுடைய ராஜாவை அவள் பக்கம் வைத்தேன். "உன்ட ராஜாவ ஆரு தாக்கிற?"

அவள் நின்றபடியே பார்த்தாள். குனிந்தாள். முழங்காலில் உட்கார்ந்தாள். ராணியிலிருந்து விரலால் கோடு இழுத்தாள், நேராக, பிறகு குறுக்காக. விரல் நடுவழியில் நின்றது. அவளுடைய முகத்தில் அப்போது வந்ததை நான் முந்தின நாள் என் அறையில் அனுபவித்திருந்தேன், ஆனால் இன்னொருவரின் முகத்தில் பார்ப்பது அதைவிடக் கடுமையாக இருந்தது.

"இது தோல்வியில்ல," என்றாள்.

"இல்ல. சமம்."

"சமமெண்டா நான்தானே முதலாவது?"

"ஓம்."

அவள் மகிழ்ச்சியில் குதிப்பாள், என்னைக் கட்டிப்பிடிப்பாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். புத்தகங்களில் அப்படித்தான் நடக்கும். அவள் கொடியில் தொங்கிய துவாயை இழுத்து முகத்தில் அழுத்திக்கொண்டு, "அப்ப நேத்து ராவு முழுக்க நான் அழுத அழுகை?" என்று கேட்டாள். "அத ஆரு திருப்பித் தாற?"

துவாயோடு கழன்று விழுந்த கிளிப்பை நான் குனிந்து எடுத்தேன்.

"அப்பா 'பரவாயில்ல மகள், அடுத்த முறை பாப்பம்' எண்டு சொல்லிப்போட்டுக் கடலுக்குப் போனவர். சாப்பிடக்கூட இல்ல. உனக்கு எப்ப தெரியும்?"

"நேத்து. மஃரிபுக்குப் பிறகு."

"நேத்தா? அப்ப காலையில எங்க போன?"

வாப்பா வேண்டாம் என்றார் என்று சொல்ல வாய் வந்தது. அது உண்மைதான், ஆனால் பாதி. "எனக்கும் விருப்பமில்லாம இருந்திச்சு," என்றேன்.

அவள் துவாயை இறக்கிவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். கோபமாக இருக்கிறாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிறகு பலகையைப் பார்த்து, "நானும் ஒரு மாடு. இடமில்லையெண்டு கண்ட உடன கைய நீட்டிட்டன். புலியெண்டு நினைச்சிட்டன் போல," என்றாள்.

"நானும்தான்."

"நீயும் மாடா?"

"ஓம்."

அப்போதுதான் சிரித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. நான் அழுதுவிட்டேன். அவளுடைய அம்மாவும் உம்மாவும் கதையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை பாடசாலை விட்டதும் இருவரும் சேர்ந்து சேரிடம் போனோம். நான் பலகையைக் காட்ட, தர்ஷினி விளக்கினாள். சேருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான் தொழப் போன நேரமா?" என்று கேட்டார். "ஓம் சேர்." "நீங்க ரெண்டு பேரும் வாய மூடிட்டு இரிந்தா எனக்குத் தெரிஞ்சேயிரிக்காது," என்று தனக்குத்தானே சொன்னார். மாகாணத்துக்குப் பெயர் அன்று பின்னேரம்தான் போக இருந்தது. எங்கள் இருவருடைய வாயாலும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, என் பெயருக்கு மேலே தர்ஷினியின் பெயரை எழுதினார். பெருமையாக இருந்தது என்று சொல்லமாட்டேன். திருகோணமலையை நான் பார்த்ததே இல்லை. கோணேசர் மலைக்குக் கீழே கடல் கரும்பச்சையாக இருக்கும் என்று வாசித்திருக்கிறேன்.

பெனர் இன்னும் தொங்குகிறது. கழகப் பெடியன்மாரிடம் போய்க் கழற்றச் சொன்னேன். "போட்ட பெனரக் கழட்டினா ஊருக்கு வெக்கம் ராத்தா, மழை வந்தாத் தானா விழும்," என்றார்கள். ஒவ்வொரு நாளும் அந்த ரோசாப்பூவின் கீழேதான் பாடசாலைக்குப் போய் வருகிறேன்.

இனி இன்று காலை நடந்தது. வாப்பா மறந்துவிட்டுப்போன சாப்பாட்டுப் பெட்டியைக் கொடுக்கக் கடைக்குப் போனேன். வாப்பா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டயர் வாங்க வந்த ஒருவரிடம் கதைத்துக்கொண்டிருந்தார். "மகள் வந்து வாப்பா, இப்பிடி ஒரு பிழை நடந்திட்டு எண்டு சொன்னாள். நான் ஒண்டும் யோசிக்கல்ல. உடன சொன்னன், போ மகள், போய் அந்தப் புள்ளைக்கிட்டச் சொல்லு எண்டு. ஆட்டோவும் நான்தான் புடிச்சுக் குடுத்தன்." வந்தவர் "மாஷா அல்லாஹ்" என்றார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஒரு கிழமைகூட ஆகவில்லை மகனே! முழங்காலில் பட்ட பந்துக்குக் காற்று வர எத்தனையோ வருடம் எடுத்தது. இதற்குச் சில நாள் போதுமாக இருந்தது. வாப்பா திரும்பி என்னைக் கண்டார். அவருடைய முகத்தில் கள்ளத்தனம் இருக்கவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நடந்தது என்று நம்புகிறவரின் முகம். வெயிலுக்கு ஆட்டோவில் போகச் சொன்ன அந்த ஒரு வார்த்தை, மற்றதையெல்லாம் தன்பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டது.

கோபத்தோடு பாடசாலைக்குப் போனேன். அங்கே என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "உனக்கு எப்பிடித் தெரிய வந்திச்சு? என்ன செஞ்ச?" என்று கேட்டாள். நான் வாயைத் திறந்து, "கண்டவுடனே உம்மாவையும் கூட்டிக்கிட்டு ஓடிப்போய்ச் சொன்னன்," என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது. கண்டவுடனே. அந்த ஒரு சொல்லுக்குள் வட்டிலாப்பம் இல்லை, இனிப்பாக இருந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை இல்லை, தர்ஷினி என்னை உற்றுப் பார்த்த பார்வை இல்லை. நான் யோசித்துச் சொல்லவில்லை. வாப்பாவைப் போலவே, அது தானாக வந்தது. அடுத்த பாடம் முழுக்க என் கை பெட்டியில் இருந்த பேனாவைத் தேடிக்கொண்டே இருந்தது.

அதனால்தான் இதை இப்போதே, சூடு ஆறுமுன் எழுதி வைக்கிறேன். நீ இதை வாசிக்கும் காலத்தில் உன் மூத்தவாப்பா, நான்தான் உன் உம்மாவை அனுப்பினேன் என்று உனக்குச் சொல்லுவார். அவரோடு வாதாடாதே. அவர் நல்லவர், அவர் விரும்பியபடியே தன்னை ஞாபகம் வைத்திருக்கிறார். ஆனால் நானும் உன்னிடம் வந்து, கண்டவுடனே ஓடிப்போய்ச் சொன்னவள் உன் உம்மா என்று சொல்லுவேன். வயது போகப் போக அந்தக் கதை இன்னும் வடிவாக வரும். நீ ஏதாவது பிழை செய்துவிட்டு என் முன்னால் நிற்கும் நாளில் அந்தக் கதையைத்தான் எடுத்து உன்னைக் கண்டிப்பேன் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

அன்றைக்கு ஒன்றும் பேசாமல் பெட்டியிலிருந்து பலகையை எடு. மூலையில் ராஜா, ஒரு குதிரை பாயும் தூரத்தில் ராணி, முட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு சிப்பாய்கள். அடுக்கிவிட்டு, பலகையை என் பக்கம் திருப்பி வை.

இப்படிக்கு,
இனித்தான் உனக்கு உம்மாவாகப் போகிறவள்